நிரம்பாத குழி

குக்கர் மூடியின் ஆறு திருகையும் எதிரெதிராக முறுக்க வேண்டும். ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது, அப்போதுதான் மூடி கோணாமல் உட்காரும். இதெல்லாம் அமலோற்பவத்தின் கைக்கே தெரியும், அவள் நினைக்க வேண்டியதில்லை. நினைக்க வேண்டியதில்லாத வேலைதான் மனுசரை நினைக்க வைத்தே கொல்லும். கை தன்பாட்டுக்கு முறுக்கிக்கொண்டிருக்க, மனசு நேற்றுக் காலைக்குப் போய் நின்றுகொண்டு வர மாட்டேன் என்கிறது. "யாரு ஊத்துனது இத?" என்று கேட்டார் குலசேகரன் சார், அந்தக் கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. யாரு ஊத்துனதாம்! இந்த ஆய்வுக்கூடத்தில் ஊற்றுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? மண்டபத்துக்குக் கிழக்கே, கடல் வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இடத்தில், பல்கலைக்கழகம் கட்டிப்போட்ட ரெண்டு அறை. ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு தராசு, இந்தப் பெரிய குக்கர். படிக்கிற பிள்ளை ஒன்று, வாட்ச்மேன் ஒன்று, கழுவ, காய்ச்ச, ஊற்ற அமலோற்பவம் ஒன்று. "குழி குழியா விழுந்து கெடக்கு. தண்ணியா நிக்குது. அகர் கம்மியாப் போட்டுருக்கு. இதக்கூடச் சரியா நிறுக்கத் தெரியலைன்னா எப்படிம்மா?" சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, திருப்பி ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அலுத்துப்போய்ச் சொன்னார், வீட்டில் உப்பு கூடிப்போனதைச் சொல்கிற மாதிரி. எல்லாத் தட்டையும் அவித்துக் கொட்டிக் கழுவி வையுங்கள், நாளை மறுநாள் காலையில் டெல்லியிலிருந்து பார்வையிட ஆள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டார். பன்னிரண்டு தட்டு. பன்னிரண்டும் இப்போது உள்ளே. ஆறாவது திருகும் இறுகிவிட்டது.

இனி முதலில் காற்று போக வேண்டும். அடியில் தண்ணீர் கொதித்து, மேல் குழாய் வழியாக உஸ்ஸென்று ஆவி சீறி, அந்தச் சீறல் விட்டு விட்டு வராமல் ஒரே கம்பியாக வரும்போது குழாயை அடைக்க வேண்டும். அப்புறம் அழுத்தம் காட்டுகிற முள் ஏறும். பதினைந்தில் முள் நின்றதும் இருபது நிமிடம். அதற்குள் எந்த உயிரும் தப்பாது, கிருமியின் முட்டை வரைக்கும் செத்துப்போகும் என்று வந்த புதிதில் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள், கிருமி முட்டையிடுமா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. "தாயி, மம்பட்டி எங்க கெடக்கு?" என்று வாசலில் தலை நீட்டினார் வாட்ச்மேன் வில்லாயுதம். குளியலறைக்குப் பின்னால் என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் அந்த நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால். இருபத்து மூன்றா, இருபத்து ஐந்தா? வலது கண்ணை மூடினால் ஐந்து மாதிரி இருக்கிறது. இடது கண்ணை மூடினால் எல்லாமே மாவு கரைத்த மாதிரி இருக்கிறது. ஆறு மாதமாக இப்படி. வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லவில்லை. கண்ணாடிக்காரனிடம் போனால் கண்ணில் பூ விழுந்திருக்கு என்பான், அது ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தது சாருக்குத் தெரியும், கண் தெரியாதவளுக்குத் தராசு எதற்கு என்பார்கள். சேசு மரி சூசையே, தட்டு ஊற்றிய அந்தச் செவ்வாய்க்கிழமை தராசு காட்டியது பதினைந்தா, பதிமூன்றா?

அங்கேதான் மனசு சிக்கியது. பாறைப் பொந்துக்குள் கைவிட்டுப் பாசி பறிக்கும்போது முடி எதிலோ மாட்டிக்கொள்ளுமே, இழுக்க இழுக்க இறுகுமே, அப்படி. லிட்டர் கடல் தண்ணீருக்குப் பதினைந்து கிராம் அகர். அகர் என்பது சார் பேசுகிற பேச்சு. இங்கே அதற்குக் கஞ்சி என்றுதான் பேர், காய்ச்சுவதால் கஞ்சி. கடலில் பறித்த பாசியைக் காய வைத்து, மதுரைப் பக்கம் கொண்டுபோய் அவித்து வடித்துப் பொடியாக்கி, டப்பாவில் அடைத்துத் திரும்ப இதே கடற்கரைக்கு அனுப்புவார்கள். பொடியைக் கிருமிக்கான சாப்பாட்டோடு கடல் தண்ணீரில் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் ஆறி உறைந்து கண்ணாடி மாதிரி நிற்கும், அதன் மேல்தான் கிருமி வளரும். ஊற்றுவது ஒரு கைப்பக்குவம். சூடாக ஊற்றினால் மூடியில் வேர்த்துச் சொட்டும், ஆறவிட்டால் குடுவைக்குள்ளேயே கட்டிவிடும். குடுவையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பொறுக்கிற சூடா, பொறுக்காத சூடா. கை நடுங்கக் கூடாது. பேசக் கூடாது, மூச்சைக்கூடப் பக்கவாட்டில்தான் விட வேண்டும். அமலோற்பவம் ஊற்றினால் தட்டைச் செங்குத்தாக நிமிர்த்தினாலும் அசையாது, காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் சவால் விட்டுத் தோற்றுப் பூந்தி வாங்கிக் கொடுத்திருக்கிறான். அந்தக் கை ஊற்றியது குழி விழுந்துவிட்டது. தண்ணியா நிக்குது. ரெண்டு கிராம் குறைந்திருந்தால் நிற்கும்தான். அன்றைக்கு மழை மூட்டம், அறையில் வெளிச்சம் இல்லை, கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. பதினைந்து என்றுதான் வாய் சொன்னது. வாய் எப்போதும் பதினைந்து என்றுதான் சொல்லும், பதினேழு வருசமாகச் சொன்ன வாய், கண்ணைக் கேட்டா சொல்லும்? உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. விட்டு விட்டு வருகிறது. இன்னும் கொஞ்சம் போகட்டும்.

அவள் கை தப்பினால் அந்தப் பழி அவளோடு போகும். இங்கே ஆராய்ச்சி படிக்கிற ஷிபானாவின் அஞ்சு வருசமும் சேர்ந்தல்லவா போகிறது. அந்தப் பிள்ளை கீழக்கரை. எலும்பும் தோலுமாக வந்தது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது, கண்ணுக்குக் கீழே கருப்பு மட்டும் கூடியிருக்கிறது. நோன்புக் காலத்தில் வீட்டிலிருந்து ரோஸ் கலரில் கடல்பாசி செய்து டிபன் பாக்ஸில் கொண்டுவரும். "அக்கா, இதுவும் நீங்க காய்ச்சுற கஞ்சியும் ஒண்ணுதான், பாலும் சீனியும்தான் வித்தியாசம்" என்று சிரிக்கும். அடிப்பாவி, இவ்வளவு நாள் நான் கழுவிக் கொட்டுனது பண்டமா என்று அமலோற்பவம் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆனா சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாதுக்கா. பாசியோட சத்து கயிறு மாதிரி முறுக்கி முறுக்கி முடிச்சுப் போட்டுருக்கும். நம்ம வயித்துக்கு அந்த முடிச்ச அவுக்கத் தெரியாது. அப்படியே உள்ள போயி அப்படியே வெளிய வரும். அவுக்கத் தெரிஞ்சவன் கடல்ல இருக்கான். கண்ணுக்குத் தெரிய மாட்டான். இதுவரைக்கும் யாரும் பேரு வைக்காத ஒருத்தன், ஒரே ஒருத்தன் கெடச்சாப் போதும்க்கா, நான் பொழச்சுக்குவேன்." அவனைத்தான் அது அஞ்சு வருசமாகக் கண்ணாடிக் குழாய் குழாயாகத் தேடியது. குழாயில் பாசிப் பொடியைக் கலக்கி, ஒவ்வொரு கிருமியாக உள்ளே விட்டு, கலங்கல் தெளிகிறதா என்று மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்கு உற்று உற்றுப் பார்க்கும். தெளியாது. சார் மீனுக்கு வருகிற சீக்கைப் படித்தவர், அவருக்கு இந்தத் தேடலில் பாதி நம்பிக்கைதான், இந்தத் தடவையும் இல்லைன்னா வேற தலைப்பு பாத்துக்கம்மா என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவைதான் இந்தப் பன்னிரண்டு தட்டு. ஊற்றி, கிருமியை அதன் மேல் இழுத்துவிட்டு, அலமாரியில் வைத்த மூன்றாம் நாள் ஷிபானாவுக்குப் போன் வந்தது, உம்மாவுக்கு நெஞ்சுவலி என்று ஓடியது. ஒன்பது நாளாச்சு. நேற்றிலிருந்து ஏழு தடவை போன் போட்டாயிற்று, ஆஸ்பத்திரிக்குள் டவர் இல்லையோ என்னவோ, அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பொம்பளை திரும்பத் திரும்பச் சொல்கிறாள். சார் சொல்லுக்கு என்ன செய்ய? அவித்துத்தான் ஆக வேண்டும். ஆவி ஒரே கம்பியாக வந்துவிட்டது. குழாயை அடைத்தாள். முள் லேசாகத் துடித்து எழுந்தது. வெளியே பின்பக்கம் சரக், சரக் என்று மம்பட்டிச் சத்தம் கேட்டது.

அந்தக் கிருமியை எடுத்த பாசியைப் பொறுக்கிக் கொடுத்ததே அவள்தான். நல்ல பாசியாக வேண்டாம்க்கா, செத்த பாசியாக வேண்டும் என்றது பிள்ளை. செத்த பாசிக்கு என்ன பஞ்சம்? காற்று மாறிய மறுநாள் கரையெல்லாம் மரிக்கொழுந்துப் பாசி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். அமலோற்பவத்துக்குப் பாசி என்றால் முகம் தெரியும், பேர் தெரியும். முப்பது வயசு வரைக்கும் தீவுக்குப் பாசிக்குப் போனவள். விரலுக்குத் துணி சுற்றி, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனால் அது வேற ஊர். சத்தமே இருக்காது, சத்தம் இருக்காது என்று சொல்வதும் பொய், காதுக்குள் பொரி பொரிகிற மாதிரி ஒரு சத்தம், அது என்ன என்று கடைசிவரை தெரியாது. எவ்வளவு பறித்திருப்பாள்! மூட்டை மூட்டையாக. பறிக்கப் பறிக்க முளைக்கும். பறிக்காததும் கோடி கிடக்கும், அது கிழடாகி அறுந்து கரை ஒதுங்கும். ஒதுங்கியது வெளுக்கும், கொழகொழக்கும், நாலாம் நாள் பார்த்தால் மணல்தான் இருக்கும். ஒரு தடவை கூட அவள் கேட்டதில்லை, போனது எங்கே என்று. இப்போது, முள் நாலில் நிற்கும்போது, கேட்கிறாள். வாரியலால் கூட்டியது யார்? உலகம் உண்டான நாளிலிருந்து முளைத்த பாசியெல்லாம் அப்படியே கிடந்தால் கடல் கடலாகவா இருக்கும்? கரை எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாமல் ஒரே கஞ்சியாக அல்லவா கெட்டித்துப்போயிருக்கும். படகு ஓடாது, மீன் நீந்தாது, மனுசன் நடந்தே இலங்கைக்குப் போயிருப்பான். அப்படி ஆகாமல் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ராவும் பகலும், ஒரு நாள் லீவு எடுக்காமல். ஒரு சொட்டுக் கடல் தண்ணீரில் லட்சம் பேர் இருக்காங்கக்கா என்று ஷிபானா சொன்னபோது போ பாப்பா கதை விடாதே என்றாள். எத்தனை சொட்டு குடித்திருப்பாள் அந்தத் தண்ணீரை, மூக்கில் ஏறி, காதில் ஏறி! தனியாக இருக்கிறோம் என்று பயந்து பயந்து முங்கிய இடத்திலெல்லாம் இவ்வளவு சனம் சுற்றி நின்றிருக்கிறது. முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஓடியது. பயமும் இல்லை அது. பெருநாள் பூசையில் திடீரென்று எல்லா மணியும் சேர்ந்து அடிக்கும்போது வருமே, அது.

முள் ஏழு. மனசு சுற்றிச் சுற்றித் தராசடிக்கே வந்தது. பதினைந்தா, பதிமூன்றா? நெற்றிப்பொட்டில் யாரோ குட்டின மாதிரி நினைவு வந்தது, அடியே கூறுகெட்டவளே, அன்றைக்கு ஒரே குடுவையில் காய்ச்சியது பன்னிரண்டு தட்டா? இருபது. மிச்சம் எட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஒரே தண்ணீர், ஒரே பொடி, ஒரே நிறுவை. அது கெட்டியாக இருந்தால் இதுவும் கெட்டி. அது தண்ணியென்றால், அப்புறம் மாதா விட்ட வழி. ஃப்ரிட்ஜைத் திறக்கப் போன கை, கைப்பிடியில் நின்றுவிட்டது. திறக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கலாம். தெரியாமல் இருப்பதும் ஒரு சுகம்தான், ஆறு மாதமாகக் கண்ணாடிக்காரனிடம் போகாமல் இருப்பது அந்தச் சுகத்துக்குத்தானே. போதும். திறந்தாள். மேல் தட்டை எடுத்தாள். விதிப்படி விரல் படக்கூடாது, பரவாயில்லை, ஒன்று போனால் ஏழு இருக்கிறது. ஆள்காட்டி விரலால் நடுவில் அமுக்கினாள். அமுங்கவில்லை. இன்னும் அமுக்கினாள். உள்ளங்கால் தழும்பு மாதிரி கெட்டியாக, திமிராக, என்னை என்னடி பண்ணிடுவ என்று நின்றது. தட்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். ஒரு சொட்டு விழவில்லை. "பதினஞ்சுதான்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "பதினஞ்சு, பதினஞ்சு." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கண்ணு போனா என்னடா, கை போகல. குலசேகரன் சார் இங்கே இருந்தால் அவர் மூக்குக்கு நேராக இந்தத் தட்டைக் கவிழ்த்துக் காட்டியிருப்பாள். தட்டைத் தொட்டிலில் போடுகிற பிள்ளையைப் போல மெல்ல மேசையில் வைத்தாள்.

வைத்த கை அப்படியே நின்றது. கஞ்சி குறையவில்லை என்றால் குழி எப்படி விழுந்தது? அந்தப் பன்னிரண்டும் முழுக்கவா இளகியிருந்தது? இல்லை. நேற்று சாருக்குப் பயந்து சரியாகப் பார்க்கவில்லை, ஆனால் இன்று அடுக்கும்போது கை பார்த்தது. ஓரமெல்லாம் கெட்டி. கிருமி ஊன்றிய இடத்தில்தான், அந்த வெள்ளைப் புள்ளி புள்ளியாக நின்றதே, அதற்குச் சரியாக அடியில்தான் குழி. புள்ளி சின்னதென்றால் குழி சின்னது, புள்ளி பெரிசென்றால் குழி பெரிசு, குழிக்குள் துளித் தண்ணீர். நிறுவை தப்பினால் புள்ளி பார்த்தா தப்பும்? முள் பதினொன்று. அந்தோணியார் கோயில் அசன விருந்தில் நடந்தது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்? பந்தி போட்டு, இலையில் சோறு வைத்து, குழம்பு வாளியை எடுத்துவரத் திரும்பிய நேரம், பெரிய மாமா வீட்டுக் கிடா உள்ளே புகுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் சோற்றைக் காணோம். சோறு போகட்டும், இலையையும் காணோம், தரையில் இலை கிடந்த ஈரம் மட்டும் இருக்கிறது. "ஆட்டுக்கு எல போட்டா எலையவா விட்டு வைக்கும்?" என்று பந்தியே உருண்டு சிரித்தது. இலையையும். தட்டையும். கஞ்சி எதிலிருந்து வந்தது? பாசியிலிருந்து. யாரைத் தேடியது பிள்ளை? பாசியைத் தின்கிறவனை. பாசியைத் தின்கிறவனைக் கொண்டுபோய்ப் பாசித் தட்டில் உட்கார வைத்து, மேலே சாப்பாடும் வைத்தால், அவன் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தட்டைத் தின்பானா, மாட்டானா? "ஆத்தாடி" என்றாள் அமலோற்பவம். குழாயில் தேடிக்கொண்டே இருந்ததே அந்தப் பிள்ளை, அவன் இங்கே தட்டில் உட்கார்ந்து தட்டையே தின்று, கையும் கழுவாமல், நான்தான் நான்தான் என்று பன்னிரண்டு தட்டிலும் குழி தோண்டிக் காட்டியிருக்கிறான். நம்ம வயிற்றுக்குத் தெரியாத முடிச்சை அவிழ்த்துவிட்டான். எலும்பில்லை, பல்லில்லை, கண்ணுக்கே தெரியாத ஒருத்தன். என்ன ஒரு அறிவு, என்ன ஒரு பசி! அடுத்த மூச்சில்தான் குக்கரைப் பார்த்தாள். முள் பதினைந்தில் நின்றது.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். அணைத்தாலும் திறக்க முடியாது, ஆவி அடங்காமல் திருகைத் தொட்டால் மூடி முகத்தில் வந்து அடிக்கும், ராமநாதபுரத்தில் ஒரு காலேஜில் ஒருத்திக்கு அப்படித்தான் கை வெந்தது. முள் இறங்க அரை மணி நேரம் ஆகும். இறங்கி என்ன? உள்ளே இருக்கிறவர்கள் காற்று போகும்போதே முடிந்திருப்பார்கள். பதினைந்துக்கு வந்ததெல்லாம் செத்த பிறகு செய்கிற காடாத்து. தேடியவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறாள், கிடைத்தவனை நான் வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். இதைப் போய் அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்ல? தரையில் உட்கார்ந்தாள். குக்கரின் வயிறு சூட்டில் டக் டக்கென்றது. பன்னிரண்டு தட்டு, ஒரு தட்டுக்கு எத்தனை புள்ளி, ஒரு புள்ளிக்கு எத்தனை கோடி, மாதாவே, ஏரோது ராசாகூட இத்தனை பேரைக் கொன்றிருக்க மாட்டான். கரையில் பாசி கிடக்குமே, மறுபடி பொறுக்கலாமே? காற்று திரும்பி நாலு நாளாச்சு, கரை துடைத்த மாதிரி கிடக்கிறது, காலையில்தானே பார்த்தாள். அடுத்த காற்று எப்போதோ, அதில் அவன் வருவானோ மாட்டானோ, அதற்குள் சார் தலைப்பை மாற்றிவிடுவார். சரக், சரக். இந்த மனுசர் வேறு எதைத்தான் தோண்டுகிறார்? தோண்டுகிற சத்தமில்லை அது. தோண்டினால் குத்துகிற சத்தம் வரும், இது அள்ளிப் போடுகிற சத்தம். மூடுகிறார். கஞ்சிக் குழியை மூடுகிறார். சார் நேற்று ஜீப்பில் கால் வைத்துக்கொண்டே சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது, "பின்னாடி அந்தக் குழி நாறுது வில்லாயுதம், அவுங்க வர்றதுக்குள்ள மூடிருங்க." அவித்த கஞ்சியைக் கொட்டுகிற குழி. அலை ஏறித் தொட்டுவிட்டுப் போகிற இடத்தில், வேலைக்கு வந்த வருசம் வில்லாயுதம் அண்ணனே தோண்டிக் கொடுத்தது, இடுப்பளவு. வாரத்துக்கு ரெண்டு வாளி. சூடாகக் கொட்டுவாள், திரும்பிப் பார்க்காமல் வருவாள். வாரம் ரெண்டு வாளி என்றால் மாதம் எட்டு, வருசம் நூறு, பதினேழு வருசம். ஆயிரத்து எழுநூறு வாளிக் கஞ்சி. இடுப்பளவுக் குழி. குழி எப்போது நிரம்பியது? நிரம்பவே இல்லையே! ஒரு நாள் கூட, இடம் இல்லை, வேற குழி தோண்டுங்கண்ணே என்று அவள் சொன்னதில்லையே. நண்டு தின்றிருக்கும் என்றுகூட நினைத்ததில்லை, நினைக்கவே இல்லை. பதினேழு வருசமாக ஊற்றினேனே, எங்கே போச்சு அவ்வளவும்? யார் வயிற்றுக்குள் போச்சு?

"அண்ணே! வில்லாயுதம் அண்ணே! நிப்பாட்டுங்க!" செருப்பைப் போட மறந்து ஓடினாள். மேசையில் இருந்த தட்டைக் கை எடுத்துக்கொண்டதும் அவளுக்குத் தெரியாது. வெளியே மூன்றரை மணி வெயில் கண்ணைக் குத்தியது, கடல் அப்போதும் எதுவும் தெரியாத பிள்ளை மாதிரி கிடந்தது. வில்லாயுதம் மம்பட்டியைத் தூக்கிய கையோடு திரும்பினார். குழி பாதிக்கு மேல் மணல். அமலோற்பவம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டாள்.

"ஏ தாயி, என்ன இது? சார் மூடச் சொல்லிட்டுப் போயிருக்காரு, நீ உள்ள எறங்கி நிக்குற?"

"ஒரு அள்ளு மண்ணு விழுந்துச்சுன்னாலும் என் மேலதான் விழுகும்."

"உள்ள என்ன கெடக்கு, தங்கமா?"

"ஆளுக இருக்காங்கண்ணே."

அவர் மம்பட்டியைக் கீழே வைத்தார். அவள் குனிந்து கையாலேயே மணலை வாரி ஒதுக்கினாள், பாறைப் பொந்தில் பாசியைத் தடவுகிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மட்டும் பார்த்து. மணல், மணல், அப்புறம் குளிர்ச்சியாக ஒன்று. போன வெள்ளிக்கிழமை கொட்டிய கஞ்சி. கொட்டும்போது கட்டி கட்டியாக இருந்தது. இப்போது விரல் உள்ளே போனது, இன்னும் போனது, உள்ளே வழுவழுவென்று ஒரு குழி, பக்கத்தில் இன்னொரு குழி, அதற்குள் இன்னொன்று, தேன்கூடு மாதிரி. அதற்கு முந்திய வாரத்துக் கஞ்சி கஞ்சியாகவே இல்லை, கொழகொழத்த ஈரமாக இருந்தது. அதற்கு முந்தியது மணலோடு மணல். ஒரு வீட்டு ஆட்கள் ஒழுங்காகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துபோன மாதிரி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒருவரும் கேட்டதில்லை, இன்னும் வை என்று, போதும் என்று. இவள் பாட்டுக்கு ஊற்றியிருக்கிறாள், அவர்கள் பாட்டுக்குத் தின்றிருக்கிறார்கள். அவித்தவர்களும் இவர்களும் ஒரே ஆளா, பங்காளிகளா, சின்ன வீட்டு மக்களா, அதெல்லாம் ஷிபானா பார்த்துச் சொல்லட்டும். பேரு வைக்காத ஒருத்தன் போதும் என்றது பிள்ளை. இங்கே ஊரே இருக்கிறது. விரலில் ஒட்டிய ஈரத்தை, மூச்சைப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டு, தட்டில் மெல்ல இழுத்தாள். கை நடுங்கவில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஷிபானாதான். "அக்கா, உம்மாவ வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம்க்கா. போனை இப்பதான் ஆன் பண்ணேன், ஏழு தடவ அடிச்சிருக்கீங்க. என்னக்கா, என் தட்டுக்கு எதும்...?"

"அவிச்சுட்டேன் பாப்பா. பன்னெண்டும் போச்சு. குழி விழுந்துருந்துச்சு, சார் கெட்டுப்போச்சுன்னாரு, நானும் அவிச்சுட்டேன். அவிச்சப்புறந்தான் தெரிஞ்சது, தட்டையே தின்னுருக்கான்னு." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அமலோற்பவம் போனை இன்னும் காதோடு அமுக்கிக்கொண்டாள். "பாப்பா, அழுகாத. ஒண்ணு கேக்குறேன், சொல்லு. நான் பதினேழு வருசமாப் பின்னாடி குழியில கொட்டுனேனே கஞ்சி, அது எங்க போச்சு?"

ஒரு அலை வந்து குழியின் விளிம்பை நனைத்துவிட்டுப் போனது. அப்புறம் ஷிபானாவின் குரல், பாதி அழுகையும் பாதி மூச்சுமாக வந்தது. "அக்கா... யாரையும் அதத் தொட விடாதீங்க. நான் இப்பவே பஸ் ஏறுறேன். நீங்க எங்கக்கா இருக்கீங்க?"

"குழிக்குள்ளதான்" என்றாள்.

போனை வைத்ததும் வில்லாயுதம் குனிந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, குழிக்குள் உற்றுப் பார்த்தார். "ஒண்ணுந் தெரியலையே, தாயி."

"எனக்கும் தெரியலண்ணே. பதினேழு வருசமாச் சோறு போட்டேன், ஒரு நாளும் எட்டிப் பாக்கல" என்றாள் அமலோற்பவம். தட்டை மூடி, மடியில் வைத்துக்கொண்டு, ஈர மணலிலேயே உட்கார்ந்தாள். "பஸ்ஸு வர ஒன்ற மணி நேரமாகும். நீங்க போயி ஒரு டீ வாங்கிட்டு வாங்க."